சப்பாத்து லேஸில் கட்டிய பூ

உன் பூங்கொத்தைச் சுற்றியிருந்த பொலித்தீனைப் பிரித்ததும் பூஞ்சண வாடை அடித்தது. வெளியே, வாவியும் வானமும் ஒன்றாய்த் தெரியும் மழை.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ கடைசியாக உலர்த்தியது இது. நம் வீட்டுச் சாடியில் பூத்த ரோசாவும் வாடாமல்லியும். சப்பாத்து லேஸால் கட்டி, கடையின் பின்னறை இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டாய். "விக்கிற லேஸை எடுக்காத" என்றேன். "செருப்பு விக்கிற ஆளுக்குப் பூவைப் பத்தி என்ன தெரியும்? அங்கால போங்க" என்றாய். பூ காய்ந்தது. நீ திரும்பி வரவில்லை.

மழை தொடங்கியதும் பூ நனைந்து கெட்டுவிடுமோ என்று பயந்துவிட்டேன். நடைபாதையில் செருப்பு விரித்த காலத்திலிருந்து நான் நம்பிய பாதுகாப்பு பொலித்தீன்தான். அதையே சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டினேன். பூ ஏற்கனவே இழுத்திருந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இப்போது இதழெல்லாம் வெள்ளைப் பொடி.

நீ தூசு தட்ட வைத்திருந்த என் பழைய சவரப் பிரஷ்ஷை எடுத்தேன். உன் கைக்குத் தூசு மட்டும் போகும். என் கைக்கு இதழே உதிர்ந்தது. சப்பாத்துப் பெட்டிகளையெல்லாம் திறந்து, ஈரம் உறிஞ்ச உள்ளே வரும் சின்னப் பொட்டலங்களைப் பொறுக்கினேன். நீ எடுத்தபோது சண்டை பிடித்தேனே, அதே பொட்டலங்கள்.

பக்கத்துத் தையல்கடைக்காரர், நான் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், எட்டிப் பார்த்தார். "என்ன முதலாளி, சப்பாத்தெல்லாம் நிலத்தில கிடக்கு?"

சொன்னேன்.

"மனுசிட ஞாபகமெண்டா பிளாஸ்டிக் பூ ஒண்டு வாங்கி மாட்டுங்களன். கழுவியும் வைக்கலாம்."

"கதவச் சாத்திட்டுப் போங்க காக்கா. ஈரம் வருது."

சரக்கென்றால் புதிதாக இறக்குவேன். இதை யாரிடம் போய்க் கேட்பது?

கெட்டதை எறிந்துவிட்டு, தப்பிய சில பூக்களைப் நீ செய்வதுபோலவே பொட்டலங்களோடு பிஸ்கட் தகரப் பேணியில் வைத்து மூடினேன். அவையாவது பிழைத்தனவா என்று திறந்தால்தான் தெரியும். திறந்தால் ஈரம் புகும். "சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க" என்று பேணியைப் பறித்துக்கொள்வாய். இப்போது பறிக்க ஆளில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் அதை மழைக்கோட்டுக்குள் மார்போடு வைத்துக் கொண்டுபோகிறேன். பாலத்தில் மோட்டார் சைக்கிள் குலுங்கும்போது உள்ளே ஏதோ சலசலக்கிறது. பொட்டலம் உருள்கிறதா, பூ உதிர்கிறதா என்று தெரியவில்லை. ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்தபடி ஓட்டுகிறேன்.