மாமாவின் பிக்கப்பில் நான் போட்ட தாழ்ப்பாள்

வாய் நிறைய "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்ட என் மாமாவுக்கு,

உங்கள் பேரன் குணாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண்ணுக்கு ஊர் பிரிக்ஃபீல்ட்ஸ், பெயர் தேவி. நல்ல பெண், நல்ல குடும்பம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு சொல்லப்போகிற எதுவும் நல்ல சேதி இல்லை.

கிள்ளானிலிருந்து கல்யாணத்துக்கு உங்கள் பிக்கப்பில்தான் போனோம். நீங்கள் மேருவில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஃபைபர் கனோப்பி இன்னும் அதன் முதுகில் கூண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை வந்தால் அதற்கு மெழுகு போடுவீர்கள், கதவு ரப்பருக்கு முகப் பவுடர் தடவுவீர்கள், வண்டியோடு பிடித்திருக்கும் நட்டுகளை ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பீர்கள். இப்போது கூரை வெளுத்துப்போய்த் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகுகிறது. மெழுகு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் பூட்டு விஷயத்தில் நான் சும்மா இருக்கவில்லை, மாமா. துறைமுகத்தில் ஸ்டோர் பார்க்கிறவன் இல்லையா? ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தினாலும் பூட்டுவதில் நான் பட்டதாரி. கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில் என்றதும் கூட வேலை செய்கிற ஒருவன், "அங்கயா? வண்டி பத்திரம்லா" என்றான். அவ்வளவுதான். பின்கதவுக்கு வெளியே ஒரு பூட்டு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாக யாரும் நுழையாமலிருக்க ஓர் இரும்புக் கம்பி வலை. எல்லாம் என் கைவேலை. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்தால் தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும், விட்டால் விழும். செய்து முடித்த அன்று நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.

தாலியும் கூறைப் புடவையும் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று உங்கள் மகள் சரோஜா சொன்னாள். "மடிய விட என் கனோப்பி பத்திரம்" என்று உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மண்டபத்துக்குப் பக்கத்து மேட்டில் வண்டி ஒரு குதி குதித்தது. கம்பி அறுந்தது, விழுந்திருந்த தாழ்ப்பாளைத் தூக்க வழியில்லை. வெளிப்பூட்டைத் திறந்துவிட்டுக் கதவை இழுக்கிறேன், அசையவில்லை. முன்பக்கமாகக் கை விடலாம் என்றால் என் வலை நிற்கிறது. மண்டபத்துக்குள் நாதஸ்வரம். பெண் மணவறைக்கு வந்தாயிற்று. கட்ட வேண்டிய தாலி என் பத்திரத்தில் இருக்கிறது.

"அப்பா, கனோப்பி சைடு கண்ணாடிய உடைச்சிடலாம்லா!" என்றான் குணா, மாலையும் கழுத்துமாக.

"டேய், தாத்தா வண்டிடா!" என்றேன். அந்தக் கண்ணாடிக்காக ஒரு பெண்ணைக் காக்க வைத்தேன், மாமா.

அதற்குள் சம்பந்தி வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே வீடியோக்காரனும் விளக்கோடு வந்தான். சம்பந்தி வலையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னங்க, பேங்க் மாதிரி பூட்டி வச்சிருக்கீங்க? எங்க ஏரியாவுல திருடிடுவாங்கன்னு பயமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை. ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். நான் சொன்னது வேறு.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லங்க! இது எங்க மாமனார் வேலைங்க. சரியான சந்தேகப் பேர்வழி. யாரையும் நம்ப மாட்டாரு. செத்தவரு போட்டதாச்சே, கழட்ட மனசு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை ஒரே போடு போட்டார். பக்கத்திலிருந்த ஃபைபரும் விரிந்தது. கூறைப் புடவையை உதறி, சில்லு இருக்கிறதா என்று நாலு பெண்கள் தடவிப் பார்த்துத்தான் பெண்ணிடம் கொடுத்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை.

 திரும்பி வரும்போது ஷா ஆலம் தாண்டியதும் சரோஜா சொன்னாள். "எங்கப்பா அந்தப் பின்கதவ ஒரு நாளும் பூட்டினதில்ல."

எனக்குத் தெரியாதா? விடியற்காலை கிள்ளான் பாசாரில் வாழை இலைக் கட்டுகளோடு வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போவீர்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் தாங்களே கதவைத் தூக்கி அவரவர் கட்டை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. உங்களுக்குப் பயம் இலை நனைந்துவிடுமோ என்று மட்டும்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் என்ன பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்?

முந்தாநாள் கல்யாண டேப் வந்தது. போட்டுப் பார்த்தோம். மணவறையில் என் முகம் இருட்டு. ஆனால் "சரியான சந்தேகப் பேர்வழி" மட்டும் கணீரென்று கேட்கிறது. தேவி விழுந்து விழுந்து சிரித்தாள். நேற்றுக் காலை உங்கள் படத்துக்கு அவள்தான் பூ வைத்தாள். "பூட்டுத் தாத்தா, எங்கள நல்லா வச்சுக்குங்க" என்று கும்பிட்டாள். ஆசையாகத்தான் சொன்னாள், பாவம். உங்களை அவள் பார்த்ததில்லை. நான் சொன்ன ஆள்தான் அவளுக்கு நீங்கள். சரோஜா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கண்ணாடிக்கு இப்போதைக்குப் பலகை அடித்திருக்கிறேன். ஃபைபர் விரிசலுக்குப் பசை பூசித் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க நீங்கள் போட்ட பழைய நீலம் தெரிகிறது. தாழ்ப்பாளையும் வலையையும் கழற்றிவிட்டேன். அதெல்லாம் சுலபம், மாமா. ஸ்குரூ டிரைவர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் விருந்து. சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள், அந்த டேப்பைப் போடுவார்கள். அந்த இடம் வரும்போது நான் எழுந்து நிறுத்தச் சொல்வேன். பயந்தவன் நான்தான், பிரிக்ஃபீல்ட்ஸைத் திருட்டு ஊர் என்று நினைத்தவன் நான்தான், என் மாமனார் கதவைத் திறந்து போட்டே வாழ்ந்தவர் என்று சம்பந்தி முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இலையில் சோறு விழுவதற்கு முன்னால் சொல்வேன். சொன்ன பிறகு சோறு போடுவார்களா என்பது அவர்கள் விருப்பம். தேவி அந்தப் பட்டப்பெயரை எனக்கு மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

தலை குனிந்து,
உங்கள் மூத்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை,
இராமு