எமரியின் பணமும் ஒன்பதாவது வாக்கும்

டொலீடோ, ஒஹையோ
ஜனவரி 28, 1997

அன்புள்ள தம்பி எமரிக்கு,

மருத்துவமனை அறங்காவலர் குழுவின் செயலாளர் இன்று காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்: குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கு நீ தர முன்வந்த எழுபது லட்சம் டாலரை ஏற்க நான்கு பேர், மறுக்க நான்கு பேர். பிப்ரவரி 20, வியாழனன்று வாக்கெடுப்பு; ஒன்பதாவது வாக்கு டோரா பின்டருடையது. கண்ணாடி ஆலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவள். நீ திரட்டிக் கொடுத்த கடன்பத்திரப் பணத்தில் ஒருவன் அந்த ஆலையை வாங்கி, பிரித்து விற்று, மூடியதை அவளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

"அவன் நேர்ல வந்து எங்க மூஞ்சியப் பாத்துப் பேசட்டும். அப்புறம் கையத் தூக்குறதா வேணாமான்னு பாக்குறேன்" என்றாளாம்.

இங்கே புற்றுநோய் வந்த குழந்தைகளை இன்னும் கிளீவ்லாந்துக்குத்தான் கொண்டு போகிறார்கள், போக இரண்டு மணி நேரம். வா.

உன் அக்கா
இலோனா

லாஸ் ஏஞ்சலிஸ்
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் கசகசா ரொட்டியும் வந்தன. ரொட்டி உடைந்திருந்தது, புகார் இல்லை.

வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய இருநூறு நிறுவனங்களுக்கு அதிக வட்டிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தேன். பெரும்பாலானவை இன்றும் நடக்கின்றன. டோரா அவற்றையும் பார்க்க வேண்டாமா? பிரிவுக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன், அதையும் விட்டுவிடுகிறேன். வரச் சொல்லாதே. ஆலையைப் பற்றி நான் வாய் திறந்தால் வழக்கு வரும் என்கிறார் என் வழக்கறிஞர், அவரையே அனுப்புகிறேன்.

அன்புடன்
எமரி

டொலீடோ
பிப்ரவரி 8

அன்புள்ள எமரிக்கு,

வழக்கறிஞர் வருவதாக டோராவிடம் சொன்னேன். "அப்போ வார்டுக்கும் வக்கீல் பேரையே வச்சிருவோம்" என்று சிரித்தாள்.

ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் நினைவுக்கட்டியை, நம் வீட்டு நன்றியறிதல் திருநாள் விருந்தன்று உன் அத்தானுக்குப் பரிசாகக் கொண்டு வந்தாயே. உள்ளே அவர் வேலை பார்த்த அதே கண்ணாடி ஆலையின் பெயர். பெருமைப்படுவார் என்று நிஜமாகவே நம்பினாயா? ஐந்தே மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று.

ஒன்பது வருடமாக உன் பெயரை எடுக்காத மனிதர், நேற்று சாப்பாட்டின் நடுவே, "உன் தம்பி வந்தா எங்க தங்குவான்?" என்று கேட்டார். மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இலோனா

லாஸ் ஏஞ்சலிஸ்
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம், நம்பினேன். டோராவிடமும் அதைத்தான் சொல்லப் போகிறேன். அந்த ஆலையின் கணக்குத் தாள்களை ஒரு மத்தியானம் படித்தேன். வட்டி வருமா என்று பார்த்தேன். அத்தான் உள்ளே இருந்தும், உள்ளே எத்தனை பேர் என்று கேட்கவில்லை. டோராவிடம் பேச எழுதி வைத்ததில் இந்த வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னார் வழக்கறிஞர். அடிக்கவில்லை.

மாடி அறை போதும் என்று அத்தானிடம் சொல். குழு மறுத்தால், கிளீவ்லாந்து போய்வரும் குடும்பங்களுக்கு அந்தப் பணம் எப்படி உதவும் என்று நீயும் நானும் உட்கார்ந்து யோசிப்போம்.

விமானம் 19ஆம் தேதி புதன், மாலை நான்குக்கு இறங்குகிறது. வாக்கெடுப்பு மறுநாள் வியாழன் மாலை ஏழு மணிக்கு. டோரா என்ன செய்வாள் என்று நீ எழுதவில்லை; அவளே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டாள்.

உன் தம்பி
எமரி