மகள் சொன்ன பதில்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது இங்கே இவரும் குழந்தையும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்படாதே, குக்கர் ஆவி பட்டுக் கை லேசாக வெந்துவிட்டது, அவ்வளவுதான். உன் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த ஊர்ப் பேச்சு இன்னும் என் வாயில் நுழையவில்லை என்பதால், உன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நீ நல்லா தூங்குறியா, பகல்ல கூட யார் இருக்காங்கன்னு கேக்குறாங்கம்மா."

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே போனாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னடி இவ்ளோ நேரம் சொன்ன?"

"நீ சொன்னதைத்தான்மா."

எட்டு வயசுக்கு என்ன வாய் பார்! நேற்று பள்ளிக்கூட வாசலில் என் கையை விடாமல், "இன்னிக்கும் வாஷிங் மெஷின்கிட்ட பேசாதம்மா, பாட்டிகிட்ட பேசு" என்கிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மா, பகலில் ஒரு தடவை நீ போன் பண்ணேன். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். மிக்சி சத்தம் கேட்டால் போதும்.

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். அப்பாவிடம் கை வெந்ததை மட்டும் சொல்.