சுவரில் இல்லாத சட்டை வால்

1986 நவம்பர் 18, செவ்வாய்

காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து. இந்தச் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குவதால் மூன்று நாளாகப் பிள்ளைகளுக்கு மானைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன், "டிரைவரம்மா, நீங்க குறி தப்பினதே இல்லையாமே, நெசமா?" என்று கேட்டான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்து, "உக்காருடா, வண்டி ஓடுது" என்றேன். உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன்.

மானுக்கு ஆள் வாடை தெரியாமலிருக்க, வேட்டைத் துணிகளைச் சோப்பில்லாமல் சமையல் சோடாவில் அலசி, வெளியே தேவதாருக் கிளைகளோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். "என் சட்டையெல்லாம் ஒரு மாசமா அழுக்குக் கூடையில கெடக்கு, உன் வேட்டைச் சட்டைக்கு மட்டும் கல்யாணக் களை" என்று மெல்வின் முணுமுணுத்தான். என் கணவன் துப்பாக்கியைத் தொடமாட்டான். ஆனால் மானை அறுத்துத் துண்டு போடுவதில் இந்த மாவட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வேட்டை வீட்டுக்கு வந்துவிட்டோம். நான், டெல்மார் அண்ணன், தம்பி ரோலண்ட். அடுப்பு மூட்டியதும் பழைய புகை வாசனை. இந்த வாசனைக்காகவே வருஷம் பூராவும் காத்திருக்கலாம்.

கதவுக்கு எதிர்ச் சுவரில் சட்டை வால்கள். குறி தவறியவன் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி ஆணி அடிப்பது அப்பா தொடங்கிய வழக்கம். எண்ணிப் பார்த்தேன் - பதினான்கு. அப்பாவுக்கு இரண்டு, அண்ணனுக்கு மூன்று, மீதி ஒன்பதும் ரோலண்டுக்கு. எனக்கு ஒன்றுகூட இல்லை. நான் முதன்முதலாக இங்கே வந்தபோது, "பொம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று அண்ணன் எனக்காகவே கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருந்தான். பதினெட்டு வருஷம் ஆயிற்று. அது இன்னும் என் சட்டையைத் தொடவில்லை.

ரோலண்டுக்கு நாற்பத்து நாலு வயது. இதுவரை அடித்ததெல்லாம் பெட்டைமான்தான், அதுவும் நாலோ ஐந்தோ. கொம்பு வைத்ததை ஒருமுறையும் வீழ்த்தியதில்லை. இந்த வருஷம் பிறந்தநாளுக்கு அவன் மனைவி ஜாய்ஸ் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையில் வந்திருக்கிறான். "இதையாவது முழுசா வீட்டுக்குக் கொண்டுபோடா" என்றான் அண்ணன்.

நவம்பர் 22, சனி

எழுதியே ஆக வேண்டும், கை இன்னும் சூடாக இருக்கிறது.

விடியுமுன் மரத்தில் கட்டிய பரணில் ஏறினேன். நண்பகல் வரை ஒரு அணில்தான். கால் மரத்துப் போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு சதுப்புக் காட்டைக் கலைக்க முடிவு செய்தோம். அண்ணனும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேரும் காற்று முதுகில் படும்படி மெல்ல நடந்து வருவார்கள். சத்தம் போடத் தேவையில்லை. ஆள் வாடை பட்டதும் மான்கள் எழுந்து தாமாகவே முன்னால் நகரும். மேட்டில் நானும் ரோலண்டும், எங்களுக்கிடையே ஐம்பதடி.

வந்தது. பத்துக் கிளைக் கொம்பன். அவசரமே இல்லாமல், தன் வீட்டுக் கொல்லையில் நடப்பது மாதிரி வந்தது. பிர்ச் மரங்களின் இடைவெளிக்கு வந்ததும் சுட்டேன். அதே நொடியில் ரோலண்டும் சுட்டிருக்கிறான். எங்கள் காதுக்கே ஒரே வெடிதான். நாற்பதடி ஓடி விழுந்தது.

உடம்பில் ஒரே ஒரு துளை, தோள்பட்டைக்குப் பின்னால். குண்டு மறுபக்கம் வெளியே வரவில்லை. அண்ணன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். "இதுல யோசிக்க என்னடா இருக்கு? ஒருத்தி தப்பினதே இல்ல. ஒருத்தன் தப்பாம இருந்ததே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதுச் சட்டை போச்சு. ரோலண்ட் தானே திரும்பி முதுகைக் காட்டினான். ஆணி அடித்த பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "நான் சரியாத்தான் வச்சேன்க்கா. தோளுக்குப் பின்னாடி."

"எல்லாரும் அங்கதாண்டா வைக்கிறோம்" என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பனி. ஒன்றும் வரவில்லை. ரோலண்ட் பரண் பக்கமே போகாமல் நாள் பூராவும் பாத்திரம் கழுவினான். மாலையில் மானை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மெல்வின் சமையல் மேசையில் இறைச்சி வெட்டினான். நான் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல மனநிலையில் இருந்தோம். சாசேஜுக்கு எவ்வளவு, பொரிக்க எவ்வளவு என்று ஒரு சின்னச் சண்டை, வழக்கம்போல.

மறுபக்கத்துத் தோள் இறைச்சியில் கத்தி எதிலோ பட்டு கிணுக்கென்றது. மெல்வின் விரலை விட்டு எடுத்துக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தான். குண்டு. முனை காளான் மாதிரி விரிந்திருந்தாலும் அடிப்பாகம் அப்படியே இருந்தது.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேலங்கிப் பையில் கிடந்த என் காலித் தோட்டாவை எடுத்து, அதன் வாயில் குண்டின் அடிப்பாகத்தை வைத்து அழுத்தினேன். நுழையவில்லை. திருப்பி வைத்தேன். இன்னும் அழுத்தினேன். நுழையவே இல்லை.

ரோலண்டிடம் இருப்பது அப்பாவின் பழைய துப்பாக்கி. அதன் குண்டு என்னுடையதைவிடத் தடிமன்.

அப்போ என் குண்டு எங்கே போச்சு? காட்டுக்குள்ளே எங்கேயோ! ஐம்பது தப்படி தூரம், நிதானமாக நடந்த மான், தப்பியிருக்கேன்!

மெல்வின் குண்டை ஒரு சின்னத் தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தான், பாத்திரம் கழுவும்போது என் கண்ணில் படும் இடமாகப் பார்த்து. கடன்காரன்.

நவம்பர் 26, புதன்

ஜாய்ஸ் போன் செய்தாள். நாளைய நன்றி நாள் விருந்துக்கு என்ன கொண்டு வரட்டும் என்று தொடங்கி, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "துப்பாக்கிய வித்துடப் போறாராம். பக்கத்து வீட்டுக்காரர் கேக்குறாரு. இவரு, நமக்கு அதெல்லாம் கை வராதுன்றாரு. அது உங்க அப்பாவோடதாச்சே, நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் என்றேன். என்னத்தைச் சொல்ல?

யாருக்கும் தெரியாது. குண்டைக் குப்பையில் போட்டால் முடிந்தது. மெல்வின் வாய் திறக்கமாட்டான். பதினெட்டு வருஷம்! அந்தச் சுவரில் என் பெயர் இல்லை என்பதால்தானே என்னை உள்ளே விட்டார்கள், என் பேச்சைக் கேட்டார்கள்? ஒரு துண்டுத் துணியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அங்கே பெண்ணாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆனால் அவன் சரியாத்தானே வச்சான்.

நவம்பர் 27, வியாழன்

விருந்து அண்ணன் வீட்டில். தட்டிலிருந்த குண்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

வான்கோழியை அறுக்கும்போது அண்ணன் மறுபடி அந்தக் கதையை எடுத்தான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரோலண்டே, "அக்கா கை மாதிரி யாருக்கு வரும்? கொம்ப நல்ல பலகையில மாட்டுக்கா, நானே இழைச்சுத் தரேன்" என்றான். மனதாரச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தேன். துளிக் கசப்பு இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பூசணி இனிப்பு மூன்று துண்டு தின்றேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லையே.

திரும்பும் வழியில் மெல்வின் கேட்டான்: "பூசணி இனிப்பு நல்லா இருந்துச்சா?"

"வண்டிய ஓட்டு."

நவம்பர் 29, சனி

வேட்டைக்கு இதுதான் கடைசி வாரக்கடைசி. நேற்று மாலை ரோலண்டுக்கு நானே போன் செய்து வேட்டை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். "பாத்திரம் கழுவ ஆளில்லை" என்றேன். வந்தான். துப்பாக்கி கொண்டு வரவில்லை.

நண்பகல் சூப்புக்கு உட்கார்ந்ததும் குண்டையும் என் காலித் தோட்டாவையும் அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "மெல்வின் அந்தத் தோள்ல எடுத்தான். போட்டுப் பாரு."

அண்ணன் போட்டுப் பார்த்தான். என்னைப் போலவே திருப்பித் திருப்பி. பிறகு ரோலண்ட் பக்கம் தள்ளினான். அவன் பெருவிரலால் அதைத் தடவினான். யாரும் சூப்பைத் தொடவில்லை.

"எப்ப தெரியும்?" என்றான் அண்ணன்.

"செவ்வாக்கிழமை."

"விருந்தன்னிக்கு?"

"பையில இருந்துச்சு."

ரோலண்ட் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் சரியாத்தான் வச்சிருக்கேன்" என்றான். இரண்டு தரம் சொன்னான். அப்புறம் எழுந்து வெளியே போய், விறகுக் குவியல் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். வெட்டுப்பட்ட சட்டைக்குக் கீழே உள்பனியன் தெரிந்தது. உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது, சிரிப்பு மட்டும் காதுவரை.

நானே ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"நான் வெட்டணுமா? அண்ணன்தானே எப்பவும்..."

"உன் மான். நீதான் வெட்டணும்."

"அக்கா, ஆடாம நில்லு."

"கோணலா வெட்டினே, தொலைச்சிடுவேன்."

கோணலாகத்தான் வெட்டினான். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பதினெட்டு வருஷம் சாணை பிடிச்சேண்டி!" ரோலண்டின் இந்த வருஷத்து வாலைக் கழற்றி அவனிடம் கொடுத்து, அதே ஆணியில் என்னுடையதை மாட்டினார்கள். என் பெயரும் வருஷமும்: ஆர்டிஸ், 1986. எழுத்து அண்ணனுடையது, வேண்டுமென்றே பெரிதாக.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. காபி ஊற்றும்போது அண்ணன் என் தோளை இடித்து, "நகந்து உக்காரு" என்றான். இத்தனை வருஷமும் எனக்கென்று தனி நாற்காலி போட்டு வைப்பான். இன்று பெஞ்சில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். நெருக்கடியாக இருந்தது, நன்றாக இருந்தது.

டிசம்பர் 1, திங்கள்

கொம்பையும் பாதி இறைச்சியையும் ரோலண்ட் வீட்டில் கொடுத்தேன். ஜாய்ஸ் அந்தத் துண்டைச் சட்டையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி மறுபடி சுவரில் தொங்கியது, எண்ணெய் போட்டுத் துடைத்து.

டிசம்பர் 9, செவ்வாய்

பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்காரன் ஏறும்போதே, "டிரைவரம்மா, சட்டைய வெட்டிட்டாங்களாமே!" என்றான். ஆமாம் என்றேன். பேருந்தே சிரித்தது.

இரவுச் சாப்பாட்டின்போது ரோலண்ட் போன் செய்து கொம்பன் கதையைச் சொன்னான், நான் அங்கே இல்லாதது மாதிரி. ஐம்பது தப்படி இப்போது நூற்றிருபது ஆகிவிட்டது, காற்று வேறு குறுக்கே அடித்ததாம். நான் திருத்தவில்லை.

வால் போன என் சட்டையைத்தான் வேலைக்குப் போட்டுக்கொள்கிறேன். ஓட்டும்போது முதுகுக்குக் கீழே குளிர் நேராக ஏறுகிறது. ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று மெல்வின் ஊசியோடு வந்தான். வேண்டாம் என்றேன்.