மாடியிலிருந்து கூப்பிட்ட பெயர்கள்

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் சுரங்கப்பாதை தோண்டுகிற மலையில் போன் எடுக்காது என்பதால், வாரம் ஒருமுறை வரும் சாமான் லாரியை நம்பித்தான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. லாரிக்கார அண்ணன், பாவம், மூன்று மாடி ஏறி வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "பதில் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டு நிற்கிறார்.

பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பெயர் இல்லை. மண்ணோடும் மழையோடும் ஒட்டின பெயராக இருக்கட்டும் என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக 'வண்டல்' என்றா எழுதி அனுப்புவீர்கள்?

கூப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பெயரையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ் நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் கத்துகிறவளுக்கு அந்தப் புத்திதானே இருக்கும்? பால்கனியில் நின்று, கீழே விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல "வண்டல்! ஏய் வண்டல்!" என்று ஒரு குரல் கொடுத்தேன். கீழ் வீட்டு டெய்லரம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாக்கடை அடைச்சுக்கிச்சா?" என்றார். அந்தப் பெயர் அதோடு தீர்ந்தது.

எனக்குத் 'தூறல்' பிடித்திருக்கிறது. உங்களுக்கு லீவு எப்போது? அதை முதலில் எழுதுங்கள்.

தூக்கம் கெட்ட உங்கள் மனைவி


மார்ச் 11

என் அன்பான மைக்செட்டுக்கு,

டெய்லரம்மாவுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? வண்டலில் எதைப் போட்டாலும் விளையும். சரி, விடு.

'தூறல்' வேண்டவே வேண்டாம். இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் வேலை நின்றுவிடும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்கள் மேனேஜருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. 'பாசி' எப்படி? 'படிகம்'? இரண்டையும் கூப்பிட்டுப் பார்.

இங்கே புதிதாக வந்த இன்ஜினீயரோடு எனக்குச் சண்டை. துளை போட்டு எடுத்த மண்ணைப் பெட்டியில் அடுக்கினார், பார்த்த மாத்திரத்தில் 'களிமண்' என்று எழுதி ஒட்டிவிட்டார். "கையில எடுத்து, விரலால தேச்சுப் பாக்காம எதுக்கும் பேர் எழுதக் கூடாது சார். நான் இருக்கிற வரைக்கும் இங்க அது நடக்காது" என்று கிழித்தெறிந்துவிட்டேன். மனுஷன் இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வைத்திருக்கிற கலர் அட்டையிலிருந்து ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் பாப்பாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, எந்தக் கட்டம் ஒத்துப்போகிறதோ அதில் ஒரு புள்ளி வைத்து அனுப்பு. பெயர் தேட உதவியாக இருக்கும்.

லீவு கேட்க வேண்டும். இப்போது ஒரு மோசமான பாறையில் மாட்டியிருக்கிறோம். இதைத் தாண்டட்டும்.

உன் பாறைக்காரன்


மார்ச் 18

அன்புள்ள பாறைக்காரருக்கு,

அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "பொண்ணு கறுப்பா செவப்பா?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் போதாதென்று, பெற்ற அப்பாவே கலர் அட்டை அனுப்புகிறார்!

என் புத்தியைச் சொல்ல வேண்டும், நானும் பிடித்துப் பார்த்தேன். அழும்போது ஒரு கட்டம், தூங்கும்போது ஒரு கட்டம். வயிறு நிறைந்து சிரிக்கும்போது வருகிற நிறம் உங்கள் அட்டையிலேயே இல்லை. எதில் புள்ளி வைக்க? நடுவில் அவளே எச்சில் ஒழுக்கிவிட்டாள். அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பாசி என்று கூப்பிட்டேன். எதிர் வீட்டு வாத்தியார் "வழுக்கி விழுந்துட்டீங்களா?" என்று பதறி ஓடி வந்தார். படிகம் என்றால் மருந்துக் கடையில் டானிக் கேட்பதுபோல இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் என் மானம் மரியாதை எல்லாம் கப்பலேறிவிட்டது.

என் அண்ணன் வந்திருந்தான். "புள்ள மொகத்தப் பாக்கக்கூட வராத ஆளுக்காக எதுக்கு இங்க தனியாக் கெடக்குற? பெட்டியக் கட்டு, நம்ம வீட்டுக்கு வா" என்றான். எப்போதும் உங்களுக்காக அவனோடு மல்லுக்கு நிற்பேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்லி நிற்பது? பிள்ளைக்கு இருமல் வந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். குளிக்கப் போகும்போது டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எனக்குப் பெயர் வேண்டாம், ஆள் வேண்டும்.

லீவு எப்போது?

உங்கள் மனைவி


மார்ச் 25

என் அன்பான மைக்செட்டுக்கு,

உன் அண்ணனைப் பற்றித் தெரியாதா? அவர் பேச்சை எதற்குக் காதில் போட்டுக்கொள்கிறாய்?

அட்டை வந்தது. எச்சில் பட்ட இடத்தில் நிறம் மாறிவிட்டதால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேறு தாள் கேட்டிருக்கிறேன். அதுவரை 'மூங்கில்', 'ஊற்று', 'கூழாங்கல்' மூன்றையும் கூப்பிட்டுப் பார். கடைசிப் பெயரைச் சுருக்கிக் 'கூழு' என்று கொஞ்சலாம்.

அந்த மோசமான பாறையைத் தாண்டிவிட்டோம். அடுத்தது அதைவிட மோசம். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்.

உன் பாறைக்காரன்


ஏப்ரல் 1

வணக்கம்.

தேதியைப் பார்த்து விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விரலால் தேய்த்துப் பார்க்காமல் ஒரு பிடி மண்ணுக்குக்கூடப் பேர் எழுதக் கூடாது என்று அந்த இன்ஜினீயரை வாங்கு வாங்கென்று வாங்கினீர்களே, உங்கள் விரலே படாத பிள்ளைக்கு மட்டும் எப்படி வாராவாரம் பெயர் வருகிறது? உங்கள் பெட்டியில் இருக்கிற மண்ணுக்குக் கொடுக்கிற மரியாதையை என் மகளுக்குக் கொடுத்தால் போதும் என்றிருக்கிறது. எனக்கு வருகிற கோபத்தில் பேனாவை உடைத்துவிடுவேன் போலிருக்கிறது.

நானே பெயர் வைத்துவிட்டேன். பயப்படாதீர்கள், நாம் பேசிக்கொண்டபடி மண்ணில் இருக்கிற பெயர்தான். இதைப் பால்கனியில் நின்று கத்தவில்லை. அவள் காதோரம் மெதுவாகச் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

என்ன பெயர் என்று கடிதத்தில் எழுத மாட்டேன். லாரிக்கார அண்ணனைக் குடையாதீர்கள், அவருக்கும் தெரியாது. நேரில் வருகிறவருக்குத்தான் சொல்வேன்.

பெட்டி கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். அதற்குள் நீங்கள் வந்தால் பெட்டியைப் பிரிப்பேன். வராவிட்டால் இனிமேல் கடிதங்களை அவன் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் சரி.

உங்கள் மகளின் அம்மா


ஏப்ரல் 8, சனிக்கிழமை
நம் வீட்டு வாசல்

என் மைக்செட்டுக்கு,

முக்கால்வாசியை லாரியில் உட்கார்ந்து எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், திட்டாதே. லாரிக்கார அண்ணனைக் குடைந்தேன். நீ சொன்னது சரி, அவருக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்ததும் மேனேஜரிடம் போய் லீவு கேட்டேன். இத்தனை நாளாக நான் கேட்கவே இல்லை. வேலை என்று சொன்னதெல்லாம் சாக்கு. ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டால், விட்டுவிட்டு அந்த மலைக்குத் திரும்ப என்னால் முடியாது என்று பயமாக இருந்தது.

அவர் பேச்சுக்குத்தான் கேட்டார், "பாப்பா பேர் என்ன?" என்று. "தெரியாது சார்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரோட பாப்பா?" என்றார். "என்னோட பாப்பா சார்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கதவைத் தட்டினால் அவள் விழித்துக்கொள்வாளோ என்று இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். டெய்லரம்மா படியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார், மலையில் வளர்ந்த இந்தத் தாடியில் நான் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நீ வந்து சொல்லு.

கீழே குழாயில் கையை நன்றாகக் கழுவிவிட்டேன். கதவைத் திற.