மீடியம் என்று எழுதாதே

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, வீடியோவில் கூப்பிட்டால் நீ போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் பேசுகிறாய், உன் முகத்தைவிட உன் அறையின் கூரை விளக்கு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதில் ஒரு பல்பு எரியவில்லை, மாற்று.

நான் சைக்கிளில் இருந்து விழுந்த விஷயத்தை உன் காதில் போட்டது அப்பாதான் என்று தெரியும். அவர் சொன்ன மாதிரி நடு ரோட்டில் விழவில்லை, ஓரமாகத்தான் விழுந்தேன். தொளதொள பேன்ட்டின் கால் செயினில் சிக்கியது, முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். அதற்கு நீ, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், சைக்கிளை வித்துடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். பல் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்க உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறவள் நான். காலையில் சைக்கிளில் போகிற அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என்னிடம் வலிக்கிறது என்று சொல்லாத நேரம். அதை விடமாட்டேன். கோபமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் சைக்கிள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பாலம் வரை போய் வருவதாக முடிவு செய்தது. அப்பா போகாதே என்று சொல்லவில்லை, அவர் எதை நேராகச் சொன்னார். உடம்போட ஒட்டினாப்ல சைக்கிள் உடுப்பு கிடைச்சா போ, தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போறதா இருந்தா வேணாம் என்றார். நியாயம்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த உடுப்பு யாருக்கும் லேசில் பொருந்தாது என்று கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்துதான் அவர் அதைச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் மீடியம் வாங்கினேன். அது முழங்காலுக்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது, கழற்ற அப்பாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு காலைப் பிடித்து இழுத்தார், முகத்தில் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த கம்பெனியில் எக்ஸெல் வாங்கினேன், மஞ்சள் நிறம், தள்ளுபடி விலை, திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதற்குள் நானும் நீயும் சேர்ந்தே போகலாம், உட்காரும் இடத்தில் இருக்க வேண்டிய மெத்தை முழங்கால் பக்கம் தொங்கியது. மூன்றாவது கம்பெனி அளவு அட்டவணை போட்டிருந்தது. டேப் வைத்து அளந்தேன், இடுப்புக்கு லார்ஜ், தொடைக்கு அதற்கும் இரண்டு மேலே, உயரத்துக்கு ஸ்மால். நான் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன் செய்து கேட்டால் அந்தப் பெண், எங்க சைஸ் கரெக்டாதான் இருக்கும் மேடம், உடம்புதான் ஆளுக்கு ஆள் மாறும் என்கிறாள். கூரியர்காரர் இப்போதெல்லாம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை, போட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுங்கக்கா, நான் நிக்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

நான்காவது பொருந்தியது. கறுப்பு. போட்டுக்கொண்டு குனிந்தேன், நிமிர்ந்தேன், சோபாக் கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், எங்கும் பிடிக்கவில்லை. துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அப்பா கையில் இஸ்திரிப் பெட்டி கிடைத்தால் எதையும் விடமாட்டார் என்று உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூட சாக்ஸையே தேய்த்தவர். இதையும் தேய்த்துவிட்டார். மெத்தை உருகித் தட்டு மாதிரி விறைத்துக்கொண்டது. பழக்கத்துல செஞ்சுட்டேன் என்றார். நம்பினாயா என்று என்னைக் கேட்காதே. அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு அவரே அதே கம்பெனியில் அதே சைஸ் வாங்கி வந்தார். கறுப்பு தீர்ந்துவிட்டதாம், நீலம். நீலம் ஏறவில்லை. அதே கம்பெனி, அதே எழுத்து, நிறம் மட்டும்தான் வேறு. மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். துணிக்காக அழவில்லை சிட்டு. ஒரு காரியத்துக்கு ஆசைப்பட்டால், இது உன் அளவுக்கு இல்லை என்று வீட்டில் இருப்பவரில் இருந்து முகம் தெரியாத கம்பெனிக்காரன் வரைக்கும் சொல்கிற மாதிரி இருந்தது, அதற்காக அழுதேன். அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், உனக்குக் கவுன் தைத்த அந்தப் பழைய மெஷினைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பி நில்லு என்று சொல்லி அளவெடுத்தார். நீலத்தை இரண்டு பக்கமும் பிரித்து, மஞ்சளில் இருந்து பட்டை வெட்டி நடுவில் வைத்துத் தைத்தார். முதல் தையல் நான் குனிந்ததும் படபடவென்று விட்டுப்போயிற்று. இழுபடற துணிக்கு இழுபடற தையல்தான் போடணும் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முகம் சுளிக்காமல் மறுபடி பிரித்தார்.

பாலம் வரை போனேன். எதிர்க்காற்று. கடைசி மேட்டில் குழுவில் இருக்கிற மருந்துக்கடைக்காரர் இறங்கித் தள்ளினார், நான் இறங்கவில்லை. செயினில் எதுவும் சிக்கவில்லை. கூட வந்த நர்ஸ் ஒருத்தி என் மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனிக்கா, எனக்கு ஒண்ணுமே சேர மாட்டேங்குது என்று கேட்டாள். பாலத்து முனையில் உன் அப்பா ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். காய் வாங்க வந்தேன் என்றார். காய்க்கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அவர் கையில் இருந்தது ஊசி நூல் டப்பா.

மெஷின் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. நீயும் வேலைக்குச் சைக்கிளில் போகிறாயே, மீதித் துணியில் உனக்கும் ஒன்று தைக்கிறேன் என்கிறார். அதற்குத்தான் உன்னிடம் அளவு கேட்டேன், மீடியம் என்று ஒரே வார்த்தை அனுப்பியிருந்தாய். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி மீடியம் என்றார். நீ வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. போன மாதம் அங்கே வந்துவிட்டுப் போன பெரியம்மா மகன், தங்கச்சி ரொம்ப இளைச்சுட்டா சித்தி என்றான். உன்னைக் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்கிறாய், எப்போது கேட்டாலும் அதே. அந்த நல்லா இருக்கேனையும் இந்த மீடியத்தையும் நீ ஒரே கடையில் வாங்கியிருக்கிறாய்.

அதனால் இந்த உறைக்குள் ஒரு டேப் வைத்திருக்கிறேன். தோள், மார்பு, இடுப்பு, தொடை எல்லாம் அளந்து இன்ச்சில் எழுது. தளர்வாகப் பிடித்துக் கூட்டி எழுதாதே. நீ கிளம்பிய வருஷம் உனக்குத் தைத்த சட்டையின் அளவு அப்பாவுக்கு மனப்பாடம், அதோடு வைத்துப் பார்ப்பார், நானும் பார்ப்பேன். குறைந்திருந்தால் திட்டமாட்டோம், கேள்வி கேட்கமாட்டோம். கிளம்பி வந்துவிடுவோம்.

நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். பல்பை மறக்காதே.

இப்படிக்கு,
சைக்கிளை விற்காத
உன் அம்மா