சுத்தியல் தானாகத்தான் பறந்தது

மே 4
வெயில் மண்டையைப் பிளக்கிறது. தச்சுப் பட்டறையில் உளிப்பிடிகள் எல்லாம் காய்ந்து சுருங்கிவிட்டன. பெரிய சுத்தியலின் தலை, காம்பில் நிற்காமல் ஆடுகிறது. புதுக் காம்பு செதுக்கச் சோம்பல். குளியலறை வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறப்போட்டேன். வீட்டில் இருப்பது ஒரே வாளி என்று மனைவி கத்தினாள்.

மே 5
காம்பு தண்ணீர் குடித்து உப்பி, தலையைக் கவ்விக்கொண்டது. நான் யார்!

மே 9
மகள் ஒரு ஏசி மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாளாம். மரத்தில் புரண்ட குடும்பம், காற்று விற்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா? முடியாது என்றேன். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மே 12
மோசம் போனேன். அந்தப் பையனே பட்டறைக்கு வந்து பெண் கேட்டான். முடியாது என்று சொல்லிக்கொண்டே ஆணி அடிக்க ஓங்கினேன். கையில் காம்புதான் இருந்தது. தலை அவன் காதோரம் பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. "சார், இன்னொரு நாள் வரேன்" என்று வெளிறிப்போய்க் கிளம்பிவிட்டான். ஐயோ, நான் எறியலை! ஊறின காம்பு காய்ந்தால் முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

மே 20
மகள் பேசுவதில்லை. நான் சுத்தியலைத் தொட்டாலே மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

ஜூன் 30
விடாத மழை. சுத்தியல் வீசுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று பையனின் அம்மா சொல்லிவிட்டாராம். நான் வேண்டாம் என்பது வேறு, அவர்கள் வேண்டாம் என்பது வேறு இல்லையா? மகள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 2
அதே காம்பில் தலையை மாட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். "இது தானா கழண்டுடும், பாருங்கம்மா" என்று ஓங்கினேன். கழலவில்லை. இன்னும் வேகமாக ஓங்கினேன். ம்ஹூம். மழை ஈரத்தில் உப்பிப்போய் உடும்புப்பிடி. அந்த அம்மா சோபாவுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பையன்தான் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் காம்பைத் தடவிப் பார்த்தான். "மரம் ஈரம் இழுத்திருக்கும்மா. நம்ம ஏசி ரூம்ல கிடக்கட்டும், காஞ்சா கழண்டுடும்." அதுவரை நான் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நியாயம்தான்.

ஜூலை 19
போன். "மாமா, கழண்டுடுச்சு!" அவன் அம்மா தூக்கிப் பார்த்தபோது தலை நழுவித் தரையில் விழுந்ததாம், டைல்ஸ் விரிசலாம். சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். நான் மாட்டினது கழன்றதற்கு நானே சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். எல்லாச் சுத்தியலையும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லி மகள் உத்தரவு. பூட்டினேன். சாவி அவளிடம்.